வெயிலுக்கு முன்னே

கம்மாபுரத்தைப் பார்ப்பதற்கென்று யாரும் வருவதில்லை. விருத்தாசலத்தில் பேருந்து ஏறி, சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டைப் பக்கம் போகிறவர்கள் சன்னல் வழியே எங்கள் ஊரைப் பார்ப்பார்கள். ஒன்றிய அலுவலகமும் கடைத்தெருவும் தெரியும். வடக்கே போனால் செம்மண்ணும் முந்திரியும், தெற்கே வெள்ளாற்றுப் பக்கம் கரிசலும் நெல்லும். வானம் தெளிவாக இருந்தால் நெய்வேலியின் புகைபோக்கிகளும், சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண்மேடுகளும் தொலைவில் தெரியும். ஆனால் பயணம் போவது எப்படி என்று நான் கற்றுக்கொண்டது இந்த ஊரில்தான்.

எங்களுக்குக் கிட்டத்தில் மலை கிடையாது, குளிர் கிடையாது. ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கிய நாட்காட்டிப் படங்கள். எங்களுக்கு வாய்த்தவை ஓர் ஆறு, ஓர் ஏரி, ஓர் அலையாத்திக் காடு, ஒரு கடல். அவற்றுக்கெல்லாம் மேலே வெயில். கத்திரி நாட்களில் கடலூர் மாவட்டத்தின் உட்பகுதியில் 40 டிகிரியைத் தாண்டும். அதனால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எங்கே போவது என்று பேசியதைவிட, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்றுதான் அதிகம் பேசினார்கள். இடத்தை முடிவு செய்ய ஒரு நிமிடம் போதும். நேரத்தை முடிவு செய்ய ஒரு சாயங்காலம் முழுக்கப் போகும்.

மாசிமகத்துக்கு விருத்தாசலம் போவதுதான் நான் அறிந்த முதல் சுற்றுலா. தாத்தா காலத்தில் வண்டி கட்டித்தான் போவார்கள். என் சிறுவயதில் அந்த வழக்கத்தின் கடைசிக் காலத்தைப் பார்த்தேன். நடுச்சாமம் தாண்டியதும் மாட்டைப் பூட்டுவார்கள். வைக்கோல் பரப்பி, அதன்மேல் சமுக்காளம் விரித்து எங்களைப் படுக்கவைப்பார்கள். ஆயா ஒரு தூக்குச் சட்டியில் நீராகாரமும் இன்னொன்றில் புளிச்சோறும் எடுத்துக்கொள்வாள். கிழக்கு வெளுக்கும்போது பழமலைநாதர் கோயில் கோபுரம் தெரிந்துவிட வேண்டும் என்பது தாத்தாவின் கணக்கு. தெரிந்துவிடும்.

அந்தக் கோயிலை வெளியூர்க்காரர் பலரும் பத்து மணிக்கு மேல் வந்து பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் திறந்தவெளிப் பிராகாரத்தின் கருங்கல் தளம் காலைச் சுடத் தொடங்கியிருக்கும். ஒரு சன்னதியிலிருந்து அடுத்த சன்னதிக்கு ஓடுவதுதான் அப்போது பயணம். நாங்கள் போகும் நேரத்தில் கல் இரவின் குளிர்ச்சியோடு இருக்கும். பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி கற்றளியாக எடுப்பித்த கோயில் அது. தாத்தா எங்களை முதலில் ஆழத்துப் பிள்ளையாரிடம் அழைத்துப்போவார். பூமி மட்டத்துக்கு ஏறக்குறைய 18 அடி கீழே, படி இறங்கிப் போய்க் கும்பிட வேண்டிய பிள்ளையார். ஒவ்வொரு படிக்கும் காற்று மாறுவதை உடம்பு சொல்லும். பிறகு மணிமுத்தாற்றுக் கரை. அங்கே முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுப்பவர்களின் கூட்டம், தீர்த்தவாரிக்குக் காத்திருக்கும் கூட்டம். வெயில் ஏறியதும் தாத்தா எங்களை மண்டபத்து நிழலில் உட்காரவைத்துவிடுவார். கட்டுச்சோறு, தூக்கம், பேச்சு. மாலை வெயில் சாய்ந்த பிறகுதான் கடைத்தெரு, பொரி, மல்லாட்டை, வளையல்.

பெரிய கோயில்களின் வீதியுலாக்கள் பலவும் ராத்திரியிலும் விடியற்காலையிலும் நடப்பது எனக்கு அப்போது சாதாரணமாகத் தெரிந்தது. இன்று யோசித்தால், அந்த நேரங்களை வகுத்தவர்கள் வெயிலை நன்றாக அறிந்தவர்கள் என்று புரிகிறது. சாமியைத் தோளில் தூக்கி ஊரைச் சுற்றுகிறவர்களின் உடம்பையும் அவர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும்.

பயணத்தை எனக்கு அடுத்துச் சொல்லிக்கொடுத்தவர் சித்தப்பா. அவர் விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் பட்டறையில் வேலை பார்த்தார். நெய்வேலியில் நிலக்கரிக்காக மண்ணைத் தோண்டும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. அந்த மண்ணும், அரசு தொடங்கிய பீங்கான் தொழில்நுட்பக் கல்வியும் சேர்ந்து விருத்தாசலத்தைப் பீங்கான் ஊராக்கின. கோடை விடுமுறையில் சித்தப்பாவோடு காலையிலேயே பட்டறைக்குப் போவேன். களிமண்ணைக் கரைத்துக் கூழாக்கி, பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, உள்சுவரில் மண் ஒரு தோலாகப் படியும். மிச்சக் கரைசலைக் கொட்டிவிட்டுச் சற்று நேரம் கழித்து அச்சைப் பிரித்தால் உள்ளே ஒரு கிருஷ்ணரோ, கிளியோ, நாய்க்குட்டியோ இருக்கும். அதைக் காயவைத்து, ஒருமுறை சுட்டு, மெருகுக் கரைசலில் தோய்த்து, 1,200 டிகிரி வரை சூடேறும் சூளையில் மறுபடி சுட வேண்டும்.

பச்சைப் பொம்மைகளை நிழலில்தான் காயவைப்பார்கள். நான் ஒருமுறை காரணம் கேட்டேன். சித்தப்பா சொன்னார்: “வெய்யில்ல வச்சா மேல்தோலு சீக்கிரம் காஞ்சிடும், உள்ள ஈரம் நிக்கும். வெடிச்சிப் போயிடும் தம்பி. வெளியூர்லேர்ந்து வர்றவங்க ஒடம்பும் இப்புடித்தான். மொதல்ல நெழல்ல ஆறப் போடணும், அப்பறந்தான் ஊரக் காட்டணும்.” சூளைக்குப் பக்கத்தில் வாழ்நாளைக் கழித்த மனிதருக்குச் சூட்டைப் பற்றித் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளியை வந்த அன்றே யாரும் வெளியே அழைத்துப்போனதில்லை.

அவரோடுதான் பிச்சாவரத்துக்குச் சைக்கிளில் போனேன். பங்குனி மாதம், பௌர்ணமிக்கு மறுநாள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்திருந்தது. பின்னிரவில் கிளம்பினோம். நிலா மேற்கே எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் எங்கள் நிழல்களே எங்களுக்கு முன்னால் கிழக்கே போயின. சாலையில் லாரிகளைத் தவிர வேறு நடமாட்டம் இல்லை. இருபுறமும் அறுவடை முடிந்த வயல்களில் உளுந்தும் பயறும் நின்றன. பெடலை அழுத்தாமலே வண்டி போவதாக எனக்குத் தோன்றியது. “மேக்காத்து தள்ளுது, அதான்” என்றார் சித்தப்பா. ராத்திரியில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் அவ்வளவு சீக்கிரம் குளிராது. அதனால் விடியும்வரை நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று மெல்ல நகரும். மீனவர்கள் பாய் விரித்துக் கட்டுமரத்தில் போன காலத்தில் இருட்டிலேயே கடலுக்குக் கிளம்பியதும் இந்தக் காற்றை நம்பித்தான். பகலில் நிலம் சூடேறியதும் காற்று திரும்பிவிடும். கடற்காற்று அவர்களைக் கரை சேர்க்கும்.

சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் வெள்ளாற்றைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றோம். புவனகிரிக்குப் போகும்போது வெளுத்துவிட்டது. அங்கே இட்லி தின்றோம். கிள்ளை வழியாகப் படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் மஞ்சளாகவே இருந்தது.

பிச்சாவரம் வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்து முகத்துவாரத்துக்கும் நடுவே, ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்துகிடக்கிற அலையாத்திக் காடு. எண்ணற்ற கால்வாய்கள், அவற்றுக்கிடையே சின்னச் சின்னத் திட்டுகள். மோட்டார் படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. சித்தப்பா துடுப்புப் படகைத்தான் கேட்டார். மோட்டார் படகு அகலமான நீர்வழியில்தான் போகும், அங்கே தலைக்குமேல் வெயில்தான். துடுப்புப் படகு குறுகலான கால்வாய்க்குள் நுழையும். இரு கரையிலும் நிற்கும் மரங்கள் மேலே கைகோத்து நிழல் தருகிற இடம் அதுதான்.

எங்களை அழைத்துப்போன படகுக்காரர் நடுவயதுக்காரர். துறையை விட்டுக் கிளம்பும்போதே, “நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. பௌர்ணமி ஓதம், காலையில ஏறும். ஏறும்போது உள்ள போயி எறங்கறதுக்குள்ள வெளிய வந்துடணும்” என்றார். முழுநிலாவை ஒட்டிய நாட்களிலும் அமாவாசையை ஒட்டிய நாட்களிலும் ஓதத்தின் ஏற்ற இறக்கம் கூடுதலாக இருக்கும். மற்ற நாட்களில் படகின் அடி தட்டும் வாய்க்கால்களில் அன்று தண்ணீர் நின்றது. சித்தப்பா பௌர்ணமிக்கு மறுநாளைத் தேர்ந்தெடுத்தது வழிக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காக. அதே நிலா காட்டுக்குள்ளும் எங்களுக்கு வழி திறந்துவிட்டிருந்தது.

உள்ளே போனதும் பேச்சு தானாகவே நின்றுவிட்டது. சுரபுன்னையின் ஊன்றுவேர்கள் வளைந்து வளைந்து தண்ணீரில் இறங்கி நின்றன. அவற்றின்மேல் நண்டுகள் ஏறி இறங்கின. சேற்றுக் கரையில் விரல் விரலாகக் குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. வெண்கண்டலின் மூச்சுவேர்கள் என்றார் படகுக்காரர். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் வேரை மேலே அனுப்பி மூச்சு வாங்குகிறது. அதன் இலை ஒன்றைப் பறித்து, “நக்கிப் பாருங்க” என்று கொடுத்தார். உப்புக் கரித்தது. வேர் உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியே தள்ளிவிடுகிற மரம் அது. சுரபுன்னை வேறு மாதிரி. உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடும். அதன் காய் மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு நீளமாகத் தொங்கும். கீழே விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும், இல்லையென்றால் மிதந்துபோய் வேறோரிடத்தில் வேர்பிடிக்கும். ஒரு மரத்தை மட்டும் தொட வேண்டாம் என்றார். அது தில்லை. அதன் பால் பட்டால் கண்ணுக்கு ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வரக் காரணமான மரம். கோயிலைச் சுற்றி ஒரு காலத்தில் இருந்த தில்லைவனத்தை இன்று பார்க்க வேண்டுமானால் பிச்சாவரத்துக்குத்தான் வர வேண்டும்.

ஒரு திருப்பத்தில் இருளர் சமூகத்துப் பெண்கள் சிலர் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, கையாலேயே துழாவி இறால் பிடித்துப் பறியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. சேற்றில் இறால் எங்கே பதுங்கும் என்பதை விரல்நுனிகள் அறிந்திருந்தன. படகுக்காரர் கழியை மெல்ல ஊன்றி, அவர்களுக்குத் தண்ணீர் கலங்காதபடி ஒதுங்கிப் போனார். மீன்கொத்திகளும் கொக்குகளும் நாரைகளும் இரை தேடும் நேரமும் அதுதான். பத்து மணிக்கு மேல் பறவைகள் கிளைகளுக்குள் ஒதுங்கிவிட்டன. நாங்களும் கரைக்குத் திரும்பிவிட்டோம். கிள்ளையில் ஒரு கோயில் மண்டபத்தில் படுத்திருந்துவிட்டு, பொழுது சாய ஆரம்பித்ததும் சைக்கிளை எடுத்தோம். காற்று திரும்பியிருந்தது. இப்போது கிழக்கிலிருந்து வீசிய கடற்காற்று எங்களை மேற்கே, வீட்டை நோக்கித் தள்ளியது. அந்த நாள் முழுக்க ஒரு முறைகூட நாங்கள் எதிர்காற்றில் மிதிக்கவில்லை.

நான் அன்று பார்த்த காடு ஒரு காலத்தில் அழிந்துகொண்டிருந்த காடு என்பது பிறகுதான் தெரிந்தது. ஆங்கிலேயர் காலம் தொடங்கி 1970கள் வரை முறைவைத்து, பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டினார்கள். மரம் போன இடத்தில் சேறு வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. தாழ்ந்த பள்ளத்தில் ஓதநீர் ஏறித் தேங்கியது. திரும்பிப் போக வழியில்லாமல் வெயிலில் வற்றியது. உப்பு மட்டும் மண்ணில் சேர்ந்துகொண்டே போனது. அலையாத்தி மரத்துக்கே தாங்காத உப்பு. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினார்கள். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். ஓதம் ஏறி இறங்க வழி கிடைத்ததும் உப்பு கரைந்துபோனது. அந்தக் கரைகளில் நட்ட கன்றுகள் பிழைத்தன.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது அந்தக் காடு தன் பின்னாலிருந்த ஊர்களுக்கு அலையின் வேகத்தைக் குறைத்துக் கொடுத்தது. காட்டுக்கு முன்னால், கடலை ஒட்டிய மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு மீனவக் குடியிருப்புக்கு அந்தக் காப்பு இல்லை. அந்த ஊர் அழிந்தது. 1975இல் வெளிவந்த ‘இதயக்கனி’ படத்தின் காட்சிகள் இந்தப் பக்கத்தில் எடுக்கப்பட்டதைப் படகுக்காரர்கள் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள். அதோடு இந்தக் கதையையும் கேட்டுவிட்டு வாருங்கள் என்று நான் போகிறவர்களிடம் சொல்வேன். 2022இல் பிச்சாவரம் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தபோது எங்கள் பக்கத்து மக்களுக்கு வந்த மகிழ்ச்சி, அந்தக் காட்டுக்குக் கடன்பட்டவர்களின் மகிழ்ச்சி.

வீராணம் ஏரி வேறொரு பருவத்துக்கானது. மார்கழி, தை மாதங்களில், மழை நின்று ஏரி நிறைந்திருக்கும்போது, சேத்தியாத்தோப்பிலிருந்து கரையோரச் சாலையில் விடியற்காலையில் போக வேண்டும். முதலாம் பராந்தகச் சோழனின் விருதுப்பெயரால் வீரநாராயணன் ஏரி என்றானது. கல்கி ‘பொன்னியின் செல்வ’னைத் தொடங்கியது இந்தக் கரையில்தான், ஆடிப்பெருக்கு நாளில், மாலை வேளையில், குதிரைமேல் வரும் வந்தியத்தேவனோடு. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியே தண்ணீர் வருகிறது. 2004 முதல் சென்னைக்கும் இங்கிருந்து குடிநீர் போகிறது. கத்திரியில் வந்து ஏரி எங்கே என்று கேட்பவர்களுக்குக் காய்ந்த மண்தான் பதிலாகக் கிடைக்கலாம். பனியில் வந்தவர்களுக்குக் கரையிலிருந்து அக்கரை தெரியாத நீரும், அதில் இறங்கும் பறவைக் கூட்டங்களும் கிடைக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் பெரியப்பா மகள் சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு வந்தாள். வந்தது மே மாதம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை அப்படி. அவர்கள் பழகிய ஊரும் வெயில் ஊர்தான். ஆனால் அங்கே வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை நடைபாதைக்குக் கூரை போட்டிருக்கிறார்கள், பூங்காக்களில் பெருமரங்களை நட்டு வளர்த்திருக்கிறார்கள். அக்கா கையில் ஒரு பட்டியல் இருந்தது. காலை பத்துக்குச் சிதம்பரம், பன்னிரண்டுக்குப் பிச்சாவரம், மூன்றுக்குக் கடற்கரை. பிச்சாவரத்தில் வெப்பமானி எங்கள் ஊரைவிடக் குறைவாகக் காட்டும் என்று அத்தான் சொன்னார். உண்மைதான். ஆனால் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை ஆவியாகாது. உடம்பு குளிர வேறு வழியில்லாமல் தவிக்கும். போதாததற்குத் தண்ணீரில் பட்ட வெயில் கீழிருந்தும் அடிக்கும்.

நான் பட்டியலில் எந்த இடத்தையும் நீக்கவில்லை, நேரங்களை மட்டும் மாற்றி எழுதினேன். முதல் நாள் வீட்டுத் திண்ணையில் கேவுருக் கூழும் நுங்கும், மாலையில் விருத்தாசலத்துப் பீங்கான் கடைகளும். மறுநாள் இருட்டோடு கார் ஏறி, அன்றைய முதல் படகு. நண்பகலில் சிதம்பரத்தில் சாப்பாடும் தூக்கமும். மாலையில் நடை திறந்ததும் நடராசர் கோயில். அதற்கடுத்த நாள் மாலை சாமியார்பேட்டைக் கடற்கரை. பெரியவன் வெண்கண்டல் இலையை நக்கிப் பார்த்துவிட்டு, “மாமா, நிஜமாவே உப்பு!” என்று கத்தியதில் படகே ஆடியது. சின்னவள் ஒரு சுரபுன்னைக் காய் தண்ணீரில் மிதந்து போவதை அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் போகும்போது அக்கா சொன்னது: “சின்னப் புள்ளையில நாம இப்புடித்தானடா போவோம், எனக்குத்தான் மறந்துபோச்சு.”

மறந்தது அவள் மட்டும் இல்லை. நம் சுற்றுலாவே அதை மறந்துவிட்டது. காலை உணவு முடித்து நிதானமாகக் கிளம்பி, நடுப்பகலில் ஊர் சுற்றுவது குளிர்நாட்டுப் பழக்கம். அங்கே அந்த நேரத்து வெயில் வரம். நமக்கு அந்த நான்கைந்து மணிநேரம் நிழலில் இருப்பதற்கானது. நம் முன்னோர் வழிநெடுகச் சத்திரமும் சாவடியும் சுமைதாங்கியும் தண்ணீர்ப்பந்தலும் வைத்தது, பயணத்தில் பாதி நேரம் தங்குவதற்கானது என்று அறிந்ததால்தான். ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள்கூட மாசிமகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்கு வரும்போது ஊர் ஊராகத் தங்கித்தான் வருகிறார். கிள்ளையில் இஸ்லாமியர்களும் அவரை மரியாதை செய்து வரவேற்கிறார்கள். தங்கிப் போகிற பயணத்தில்தான் இப்படிப்பட்ட உறவுகள் உண்டாகும்.

செய்ய வேண்டியவை பெரிய செலவுக்காரியங்கள் இல்லை. படகுத்துறைகள் விடிந்ததும் திறக்கட்டும். அன்றன்றைய ஓதம் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்பதைத் துறையில் எழுதி வைக்கட்டும். நடுப்பகலில் குடும்பத்தோடு படுத்து எழ ஒரு காற்றோட்டமான மண்டபமும், பானைத் தண்ணீரும், மோரும் அருகிலேயே கிடைக்கட்டும். துடுப்புப் படகு வலிப்பவர்களுக்கு, அவர்கள் காட்டித் தரும் காட்டுக்கும் சொல்லித் தரும் அறிவுக்கும் ஈடான கூலி கிடைக்கட்டும். சாலையோரம் வெட்டிய புளியமரங்களுக்கு ஈடாக வேம்பும் புங்கனும் நடட்டும். சுற்றுலாக் கையேடு அச்சிடுகிறவர்கள் ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில் அதைப் பார்க்க ஏற்ற மாதத்தையும் மணியையும் சேர்த்து அச்சிடட்டும். வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அலாரத்தை நான்கு மணிக்கு வைத்துக்கொண்டு வாருங்கள்.